புகழ் கறுப்புக்கு, பலன் நீலத்துக்கு

டாஸ்மேனியாத் தீவின் வடகிழக்கில், லான்செஸ்டன் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் போனால் டெர்பி என்ற சிற்றூர் வரும். ஒரே ஒரு கடைத்தெரு, ஓரத்தில் ரிங்கரூமா ஆறு, சுற்றிலும் காடு. 1870களில் அந்த வட்டாரத்தில் வெள்ளீயம் அகப்பட்ட பிறகு முளைத்த ஊர் இது. அங்கிருந்த பெரிய சுரங்கத்துக்குப் பிரைசியஸ் என்று பெயர். 1876இல் மெல்பர்ன் கோப்பைப் பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் பெயரைச் சுரங்கத்துக்கு வைத்தார்கள். 1929 ஏப்ரல் 4ஆம் தேதி கொட்டிய பேய்மழையில் மேலே இருந்த அணை உடைந்து 14 பேர் இறந்தார்கள், சுரங்கம் மூழ்கியது. பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வெள்ளீயம் போய், வேலை போய், இளைஞர்களும் ஊரைவிட்டுப் போய், கடைகள் பூட்டிக் கிடந்த டெர்பியில் 2015இல் மலை சைக்கிள் தடங்களைத் திறந்தார்கள். மத்திய அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் சேர்ந்து போட்ட தொடக்க முதல் சுமார் 31 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். இரண்டே ஆண்டில் எண்டூரோ வேர்ல்ட் சீரீஸ் என்ற உலகப் போட்டி அங்கே நடந்தது. இன்று அந்தக் காட்டுக்குள் ஓடும் தடங்களின் மொத்த நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

டெர்பியைப் பற்றி வெளிவரும் படங்களில் பெரும்பாலும் ஒரு காட்சிதான் இருக்கும். வீடளவு உயரமான இரண்டு கருங்கற்களுக்கு நடுவே, ஹேண்டில்பார் உரசிவிடுமோ என்று தோன்றும் இடுக்கில், ஒருவர் சைக்கிளோடு பாய்ந்து இறங்குவார். 'டெட்டொனேட்' என்ற கறுப்புத் தடத்தில் எடுத்த படம் அது. (தடங்களின் தரத்தை நிறத்தால் குறிப்பார்கள்: பச்சை எளியது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம்.) பார்ப்பவருக்கு டெர்பி என்றாலே அந்த இடுக்குதான் என்று மனதில் பதிந்துவிடும். ஆனால் அங்கே வண்டி நிறையச் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வரும் குடும்பங்களும் நண்பர் கூட்டங்களும் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது அந்தத் தடத்தில் இல்லை. 'கிருஷ்காஸ்', 'டாம் பஸ்டர்ஸ்', 'ஃப்ளிக்கிட்டி ஸ்டிக்ஸ்' போன்ற நீலத் தடங்களில்தான் அவர்கள் சுற்றுகிறார்கள். இப்போதுதான் ஓட்டப் பழகும் குழந்தைகளோடு வந்தவர்களுக்கு, நீர் நிரம்பிக் குளமாகிவிட்ட பழைய சுரங்கக் குழியைச் சுற்றிப் பச்சைத் தடம் ஒன்று இருக்கிறது. ஒரு தடத் தொகுதியின் தரத்தை அதிலுள்ள மிகக் கடினமான இறக்கத்தை வைத்து மதிப்பிடுவதுதான் இந்த விளையாட்டில் பொதுவழக்கம். அந்த வழக்கம் தவறு என்பது என் கருத்து. எளிய தடத்துக்கும் கடின தடத்துக்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எவ்வளவு இடைவெளி என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும்.

இந்த நிறக் கணக்கு பனிச்சறுக்கு மலைகளிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய சர்வதேச மலை சைக்கிள் சங்கம் அதை எடுத்துச் சைக்கிள் தடங்களுக்குப் பொருந்தும்படி எழுதிவைத்தது. மிக எளியதற்கு வெள்ளை வட்டம், எளியதற்குப் பச்சை வட்டம், நடுத்தரத்துக்கு நீலச் சதுரம், கடினத்துக்குக் கறுப்பு வைரம், மிகக் கடினத்துக்கு இரட்டைக் கறுப்பு வைரம். நிறம் ஒட்டுமொத்த அபிப்பிராயம் போலத் தோன்றினாலும் அடியில் அளவுகள் இருக்கின்றன. பச்சைத் தடம் மூன்றடி அகலமாவது இருக்க வேண்டும். சராசரிச் சரிவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீலத்தில் அகலம் இரண்டடிக்கு இறங்கும், சரிவு 10 சதவீதம்வரை ஏறும், தவிர்க்க முடியாத தடை எட்டு அங்குல உயரம்வரை வரலாம். கறுப்பில் அகலம் ஓரடி, சரிவு 15 சதவீதம், வழியில் நிற்கும் கல்லோ வேரோ பதினைந்து அங்குலம்வரை. இரட்டைக் கறுப்பில் அரையடி அகலத்தில், 20 சதவீதத்துக்கும் மேலான சரிவில் சக்கரத்தை நிறுத்த வேண்டிவரும். அரையடி என்பது சைக்கிள் டயர் இரண்டை ஒட்டிவைத்தால் கொள்ளுகிற அகலம்.

அளவுகளைக் காட்டிலும் முக்கியமான ஒன்று அட்டவணையில் நேரடியாகத் தெரியாது. செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது ஒன்று. தவறினால் என்ன ஆகும் என்பது வேறு. ஓரடி அகலப் பலகையைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் போட்டு அதன்மேல் ஓட்டச் சொன்னால் நம்மில் பலரும் முயன்று பார்ப்போம். அதே பலகையை ஓடைக்கு மேலே எட்டடி உயரத்தில் போட்டால் கை நடுங்கும். பலகையின் அகலம் மாறவில்லை, ஓட்டத் தேவைப்படும் திறமை மாறவில்லை, விழுந்தால் கிடைக்கும் அடிதான் மாறியிருக்கிறது. நல்ல தடத் தொகுதி முதலில் கஷ்டத்தைக் கூட்டும், அடியைக் கூட்டாது. கஷ்டம் பழகிய பிறகே அடுத்த தடத்தில் அடிபடும் வாய்ப்பைச் சேர்க்கும். கிராமத்துக் கிணற்றில் நீச்சல் பழகிய பிள்ளைகள் செய்வதும் இதுதானே: முதலில் தண்ணீருக்குள் இருக்கும் படியைப் பிடித்துக் காலடிப்பது, பிறகு கடைசிப் படியிலிருந்து குதிப்பது, கடைசியில்தான் மேட்டிலிருந்து பாய்வது. நடுப்படிகள் இல்லாத கிணற்றில் ஒருவன் ஒன்று கரையிலேயே நிற்பான், இல்லையென்றால் மேட்டிலிருந்து விழுவான்.

கனடாவின் விஸ்லர் மலையில் 1999இல் தொடங்கிய சைக்கிள் பூங்கா இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பனி இல்லாத மாதங்களில் பனிச்சறுக்குக்கான லிஃப்டிலேயே சைக்கிளை ஏற்றி மேலே கொண்டுபோய்விடுவார்கள். ஓட்டுபவருக்கு இறங்குவது மட்டும்தான் வேலை. அங்கே உலகம் முழுக்கப் பெயர் பெற்ற தடம் 'ஏ-லைன்'. வரிசையாகத் தாவல் மேடுகள் கொண்ட கறுப்புத் தடம் அது. ஆனால் ஏ-லைனில் போய் நிற்பதற்கு முன் ஒருவர் பழக வழி வைத்திருக்கிறார்கள். 'ஈஸி டஸ் இட்' என்ற பச்சைத் தடத்தில் வளைவுகளின் வெளிப்புறம் சாய்வாக உயர்த்திக் கட்டிய மண்கரை இருக்கிறது. அதில் சைக்கிளை எப்படிச் சாய்ப்பது என்று முதலில் கைக்குப் பழகும். 'பி-லைன்' என்ற நீலத் தடத்தில் சிறு மேடுகள் வரும். வேகம் குறைந்தால் சக்கரம் உருண்டே கடந்துவிடும், வேகம் இருந்தால் கொஞ்சம் காற்றில் எழும். இன்னொரு நீலத் தடமான 'கிராங்க் இட் அப்'பில் மேடுகள் பெரிதாகும். ஏ-லைனின் மேடுகளிலும் பெரும்பாலானவற்றுக்கு மேல்பகுதி மேசைபோலத் தட்டையானது. முழுத் தூரம் தாவ முடியாதவர் நடுவிலேயே இறங்கினாலும் காலடியில் மண் இருக்கும். அந்தத் தட்டைப் பகுதியை வெட்டி எடுத்து நடுவில் பள்ளம் விட்டால் தாவும் தூரம் மாறாது, ஆனால் அரையடி குறைந்தாலும் முன்சக்கரம் எதிர்ச்சுவரில் மோதும். முதல் வகையில் தவறலாம், தவறிக் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது வகை ஏற்கெனவே கற்றவருக்கு மட்டுமானது. ஒரே உயரமும் ஒரே தூரமும் கொண்ட இரண்டு மேடுகளுக்கு நடுவில் இருக்கும் இந்த வித்தியாசத்தை மறக்காதவரே நல்ல தடம் அமைப்பவர்.

இதற்கு எதிராகப் பழைய ஓட்டிகள் சொல்லும் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மலை என்றால் கல்லும் வேரும் இருக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் வழித்து, மெஷின் வைத்துச் சமப்படுத்தி, வளைவுக்கு வளைவு கரை கட்டிவிட்டால் அது காடா, விளையாட்டுத் திடலா என்று கேட்கிறார்கள். பல ஊர்களில் இது உண்மையாகவே நடந்தது. ஐம்பது ஆண்டு வேர் பின்னிக் கிடந்த ஒற்றையடிப் பாதையை 'எல்லோருக்கும் ஏற்றதாக்குகிறோம்' என்று மண் கொட்டி மூடிய இடங்கள் உண்டு. அது குற்றம்தான். ஆனால் அந்தக் குற்றத்தின் வேர் படிகள் இருப்பதில் இல்லை, இல்லாததில் இருக்கிறது. ஒரே ஒரு தடம் இருந்து அதில் எல்லோரும் ஓட வேண்டும் என்றால்தான் கல்லைப் பெயர்க்க வேண்டியிருக்கும். புதியவருக்குத் தனியாக வழி இருந்தால் கறுப்புத் தடத்தின் கல்லைத் தொட வேண்டிய அவசியமே வராது. கடினத் தடத்தைக் கடினமாகவே வைத்திருக்க உதவும் முதல் காவல் பக்கத்திலிருக்கும் பச்சைத் தடம்.

படிகளைப் பிரித்துக் காக்கத் தடம் அமைப்பவர்கள் கையாளும் இரண்டு உத்திகளும் சொல்லத் தக்கவை. ஒன்று, கறுப்புத் தடத்தின் வாசலிலேயே, முதல் இருபது முப்பது அடிக்குள், அந்தத் தடத்தின் சராசரியைவிடக் கடினமான ஒரு தடையை வைத்துவிடுவது. அதைத் தாண்டத் தெரியாதவர் அங்கேயே இறங்கித் திரும்பிவிடலாம். மலையின் பாதியில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். பலகையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் போகிறவருக்கும் இந்தக் கல் புரியும்படி சொல்லிவிடும். மற்றது, நீலத் தடத்தின் ஓரத்தில் சில கஜத் தூரத்துக்குக் கறுப்புத் தரத்தில் ஒரு கிளையைப் பிரித்து மறுபடி சேர்த்துவிடுவது. அம்மாவும் மகளும் ஒரே தடத்தில் வரலாம். மகள் பாறைமேல் ஏறி இறங்குவாள், அம்மா சுற்றி வருவார், பத்து நொடியில் இருவரும் சேர்ந்துகொள்வார்கள். இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: எளிய வழிதான் கண்ணுக்கு நேராகத் தெரியும் பிரதான வழியாக இருக்க வேண்டும். கடினக் கிளையைத் தேடிப் போகலாம், தெரியாமல் அதில் விழுந்துவிடக் கூடாது.

நிறங்களை நம்பவே முடியாது என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை. பிரிட்டனில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் சிவப்பு உண்டு. வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் சிவப்பு இல்லை. நியூசிலாந்தில் ஒன்று முதல் ஆறு வரை எண்கள். அதனால் வேல்ஸில் நீலம் ஓட்டிப் பழகியவர் வேறொரு நாட்டின் நீலத்தில் இறங்கினால், தன் ஊர்ச் சிவப்பைச் சந்திக்க நேரலாம். மழையும் நிறத்தை மாற்றும். காய்ந்திருக்கும்போது டயரை உப்புத்தாள்போலப் பிடித்துக்கொள்ளும் கருங்கல், பாசி படிந்து நனைந்தால் வழுக்கும்; தோல் உரிந்த வேர் அதைவிட மோசம். டெர்பியைச் சுற்றியிருப்பது மழைக்காடு, மரப் பெரணிகள் தலைக்கு மேல் குடைபிடிக்கும் ஈரக்காடு என்பதை நினைவில் வைத்தால் இது சின்ன விஷயமில்லை என்று விளங்கும். ஆனாலும் நிறம் சொல்வது ஓட்டியின் தகுதியை இல்லை. இந்த மலையில் இந்தத் தடம் மற்றத் தடங்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. நாட்டுக்கு நாடு ஒப்பிட்டால் பிசகும். ஒரே தொகுதிக்குள் வரிசை சரியாக இருந்தால் போதும். ஆகவே எந்தப் புதிய இடத்திலும் வழக்கத்தைவிட ஒரு நிறம் கீழே தொடங்குவது நல்லது. ஒரு தொகுதியின் நேர்மை இங்கேதான் தெரியும். நீலம் என்று பலகை வைத்துவிட்டு நடுவில் ஒரே ஓர் இடத்தில் கறுப்புத் தரத்துப் பள்ளத்தை விட்டுவைத்தால் அந்தத் தடம் முழுவதும் கறுப்புதான். சராசரி பார்த்து நிறம் பூசக் கூடாது.

பணக்கணக்குக்கு வருவோம். எளிய தடம் அமைக்கச் செலவு குறைவு என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. 200 மீட்டர் உயரத்திலிருந்து 15 சதவீதச் சரிவில் இறக்கினால் 1,300 மீட்டர் சொச்சத்தில் தடம் முடிந்துவிடும். அதே உயரத்தைப் பச்சைக்குரிய 5 சதவீதத்தில் இறக்க 4 கிலோமீட்டர் வேண்டும். அகலமும் கூடுதல், மலைச்சரிவில் வெட்டும் மண்ணும் கூடுதல், வளைவுகளும் கூடுதல். கையில் இருக்கும் பணம் கொஞ்சம் என்றால், இரண்டு கறுப்புத் தடங்களைப் போட்டுப் படம் எடுத்து வெளியிட்டுவிடலாம் என்ற ஆசை வருவது இயல்பு. அந்த ஆசைக்கு இணங்கிய இடங்களுக்கு நல்ல ஓட்டிகள் நூறு பேர் ஒருமுறை வந்து போவார்கள். மூன்று நாள் தங்கி, அறை எடுத்து, சாப்பிட்டு, சைக்கிள் வாடகைக்கு எடுத்து, அடுத்த ஆண்டு பிள்ளைகளோடு திரும்பி வருகிற கூட்டம் நடுத்தர ஓட்டிகளின் கூட்டம். டெர்பிக்கு அருகே புளூ டியர் மேட்டில் போய்மெனா என்ற இடத்திலிருந்து வெல்ட்பரோ வரை இறங்கும் நீண்ட தடம் நீலம்தான். அது முடியும் இடத்தில் பழைய மதுக்கடை ஒன்று இருக்கிறது. ஊரில் யாருடைய கல்லாவில் காசு விழுகிறது என்பதை அந்தத் தடத்தின் கடைசி நூறு மீட்டரைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

காட்டுக்குக் கெடுதல் இல்லையா என்ற கேள்வியை இந்த விளையாட்டின் ஆதரவாளர்கள் பலர் மழுப்பிக் கடந்துவிடுகிறார்கள். மழுப்பத் தேவையில்லை. மொன்டானாவில் வில்சனும் செனியும் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், நனைந்த மலைப்பாதைகளில் குதிரைக் குளம்பும் மனிதக் காலும் சக்கரத்தைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன. ஒன்டாரியோவில் தர்ஸ்டனும் ரீடரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், செடிகொடிகளுக்கு நடப்பவரால் வரும் சேதத்துக்கும் சைக்கிளால் வரும் சேதத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இவை சிறிய சோதனைகள் என்பதையும், ஒரே நாளில் நடப்பவர் போகும் தூரத்தைப்போலப் பல மடங்கு சைக்கிள் போகும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். உண்மையில் மண்ணை அரிப்பது பெரும்பாலும் தண்ணீர். சக்கரம் அதற்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறதா என்பதே கேள்வி. தடத்தின் சரிவு, அது குறுக்கே செல்லும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு. மலை 16 சதவீதம் சரிந்தால் தடம் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகும். மீறினால் தடத்தோடு ஓடி ஓடையாக்கிவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் பொருந்தும் மிதமான சரிவே மண்ணுக்கும் பொருந்துகிறது. இன்னொன்று: தன்னால் தாண்ட முடியாத கல்லைக் கண்டவர் நிற்பதில்லை, ஓரமாகப் புல்லை மிதித்துச் சுற்றிப் போவார். அடுத்தவரும் அப்படியே போவார். ஒரு மழைக்காலத்தில் இரண்டடித் தடம் பத்தடிச் சேறாகிவிடும். திறமைக்கேற்ற தடத்தில் திறமைக்கேற்ற ஆள் போவது காட்டுக்கும் லாபம்.

இத்தனை படி கட்டியும் எலும்பு முறியாமல் இருக்குமா? இருக்காது. விஸ்லரில் 2009ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில், மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, சைக்கிள் பூங்காவில் அடிபட்டு உள்ளூர் மருத்துவ மையத்துக்கு வந்தவர்கள் 898 பேர் என்று ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. எலும்பு முறிவுகளில் முக்கால்வாசி தோளிலும் கையிலும் மணிக்கட்டிலும். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. படிகள் உள்ள பூங்காவிலேயே இவ்வளவு என்றால் படிகள் எதற்கு என்று கேட்கலாம். லிஃப்ட் இருப்பதால் ஒருவர் ஒரே நாளில் பலமுறை இறங்குகிறார், களைத்த பிறகும் இறங்குகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. எந்தப் படியும் ஆபத்தை இல்லாமலாக்காது. எந்த ஆபத்தை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கும் வாய்ப்பைத் தருவதுதான் அதன் வேலை, அந்த வேலையை அது செய்கிறது.

ஊருக்கு வந்த நன்மையிலும் கசப்பு உண்டு. டெர்பியில் மலிவாகக் கிடந்த வீடுகளின் விலை ஏறியது. பல வீடுகள் சுற்றுலா அறைகளாயின. அங்கேயே வேலை பார்ப்பவருக்கு வாடகை வீடு கிடைப்பது சிரமமானது. தடங்களை ஒட்டிய காட்டில் மரம் வெட்டுவதற்கு எதிராகப் போராட்டம் எழுந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஒரு காலத்தில் வெள்ளீயத்துக்காகத் தோண்டிய ஊர், இப்போது நிற்கும் மரத்துக்கு என்ன விலை என்று வாதாடுகிறது. இவற்றுக்கெல்லாம் தடத்தின் நிறத்தில் பதில் இல்லை. அது நகராட்சியும் அரசும் சொல்ல வேண்டிய பதில்.

தமிழ் வாசகர்களில் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள டாஸ்மேனியா வரை போக வேண்டியதில்லை. உபின் தீவில் கேத்தாம் கல்குவாரியைச் சுற்றி 2008இல் திறந்த மலை சைக்கிள் பூங்கா இருக்கிறது. சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். அங்கே நீலச் சதுரமும் கறுப்பு வைரமும் இரட்டை வைரமும் பலகைகளில் தெளிவாக இருக்கின்றன. முதல்முறை போகிறவர்கள் படகுத்துறை அருகே கிடைக்கும் வாடகைச் சைக்கிளின் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். கூடை வைத்த சைக்கிளோடு உள்ளே போகாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் போகவே வேண்டாம். நீலச் சதுரத்தில் தொடங்குங்கள். மேடோ பள்ளமோ கண்ணுக்குப் புரியாவிட்டால் இறங்கி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள். நன்றாக ஓட்டுகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.